சூசை அண்ணனின் கோபமும் நான் வெட்டிய இரண்டு நிமிடமும்

செய்தி வந்தபோது நாகல் நகர் சலூனில் பாதி முகத்தில் நுரையோடு உட்கார்ந்திருந்தேன். "சின்னத் தாத்தா, எங்க தாத்தா போயிட்டாக" என்றாள் சூசை அண்ணன் பேத்தி ஸ்டெல்லா போனில். மறு பாதியை மழிக்காமலே ஓடினேன். சவப்பெட்டி வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்தவன் நான்தான். அடக்கத்துக்கு வந்த கூட்டத்தைப் பார்த்தால், திண்டுக்கல்லில் பாதிக் கடை அன்று திறக்கவில்லை என்றே சொல்வேன்.

முப்பதாம் நாள் செபத்தில் வாசிக்க நாலு வரி எழுதச் சொன்னார்கள். எட்டாம் வகுப்போடு நின்றவன் என்றாலும் இந்த வட்டாரத்தில் மேடைப் பேச்சென்றால் என்னைத்தான் தேடுவார்கள். ஆனால் இதை எழுத உட்கார்ந்தால் மட்டும் இருப்புக் கொள்ளவில்லை. எழுந்து போய்ப் பட்டறையில் பழுதான மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றுகிறேன். பாதியில் போட்டுவிட்டு மறுபடி வருகிறேன். ஸ்டெல்லா அமெரிக்காவுக்குப் படிக்கப் போவாளா மாட்டாளா என்ற விஷயத்தில் என் கையும் இருக்கிறது. அதனால்தான்.

சூசை அண்ணன் துண்டு நெய்யும் மில்லில் ஏற்றுமதிக் கட்டுகளை அனுப்பிவைத்தவர் என்பது உங்களுக்குத் தெரியும். அமெரிக்காவுக்குத் துண்டு அனுப்பிக்கொண்டே அமெரிக்காவைத் திட்டியவர் உலகத்திலேயே அவர் ஒருத்தர்தான். ஒருநாள் டீக்கடையில், டெக்சாஸில் என் மகன் வாங்கிய வீட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். கார் வந்தால் கதவு தானே திறக்கும், மூடும் என்றேன்.

"ஏலே, காருக்குத் தெறக்குது, சரி. ஒனக்குத் தெறக்குதா? நாலு வருசமா விசாவுக்குத்தான நடையா நடக்குற?"

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். வேறென்ன செய்ய?

இம்புட்டுக் கோபம் எதற்கு என்று பிறகு நேராகவே கேட்டுவிட்டேன். ஆத்தூரில் அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது கோயில் வளாகத்தில் அமெரிக்க மாவு கொடுப்பார்களாம். மூட்டையில் இரண்டு கைகள் குலுக்கிக்கொள்ளும் படம் அச்சடித்திருக்கும். காலி மூட்டைத் துணியில் அவர் அம்மா கால்சட்டை தைத்தார். அந்தக் கைகள் சரியாகப் பின்பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டன. எத்தனை தடவை துவைத்தும் மை போகவில்லை. பள்ளிக்கூடத்தில் ஆளாளுக்கு, "அமெரிக்கா கை குடுக்குதுடா, நாமளும் குடுப்போம்" என்று பின்னால் அறைந்துவிட்டு ஓடினார்கள்.

"மாவு நல்ல மாவுதான்டா. அதத் தின்னுதான் வளந்தேன். ஆனா குடுத்தவன் முத்திரை நான் போற பக்கமெல்லாம் எம்பின்னாடியே வந்துச்சு பாரு, அதான் இன்னும் அரிக்குது" என்றார்.

இல்லாதவனுக்குத்தான் இந்தக் கோபம் என்று நான் முடிவு கட்டியிருந்தேன். ஜெர்மனியில் நர்ஸாக இருக்கும் மகள் வீட்டில் இரண்டு மாதம் இருந்துவிட்டு வந்து அதையும் கலைத்துவிட்டார். மகள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் ஒரு பெரியவர்; அவரும் அமெரிக்கா என்றாலே முகம் சுளித்தாராம். மகள் நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்க்க, இரண்டு கிழவர்களும் சேர்ந்து ஒரு சாயங்காலம் முழுக்கத் திட்டித் தீர்த்திருக்கிறார்கள்.

"அவருக்கு என்னண்ணே குறை? காரு, பங்களா, பென்சன்."

"ஒரு குறையுமில்ல. அதான்டா சங்கதி. காவலுக்குன்னு அவுக ஊருல பட்டாளத்தோட வந்து நின்ன அமெரிக்காக்காரன் வீட்டுக்காரன் மாதிரி அதிகாரம் பண்றானாம். எங்க சண்டை, யாரோட சண்டைன்னு இவுகளக் கேக்காமலே முடிவு பண்றானாம். நமக்கு வாங்கித் தின்ன கூச்சம். அவுகளுக்குக் கலந்து பேசாத ரோசம். ரெண்டும் ஒரே வாயிலதான் வசவா வருது."

இப்படிப் பேசுகிறவரை ஊர் கேட்க வேண்டாமா? டீக்கடையில் அவர் பேசியதை போனில் படம் பிடித்தேன். 'அமெரிக்காவை அலறவிட்ட திண்டுக்கல் சிங்கம்' என்று தலைப்பு வைத்து, பேரோடு ஊரோடு பேஸ்புக்கில் போட்டேன். கடைசி இரண்டு நிமிடம் காரம் பத்தவில்லை என்று வெட்டிவிட்டேன். அதில் சொல்லியிருந்தது இது: "அந்த மூட்டைய அங்க தச்சது எவளோ ஒரு பொம்பள. அவளுக்கு எம்மேல என்ன வஞ்சம்? எம்பேத்தியும் அவ பேத்தியும் ஒரே பெஞ்சுல உக்காந்து படிக்கணும்டா."

ஸ்டெல்லாவுக்கு அமெரிக்கக் கல்லூரியில் இடம் கிடைத்தது. விசாவுக்கு நேர்காணல். அங்கே பேஸ்புக்கையெல்லாம் கிண்டிப் பார்ப்பார்கள் என்று யாரோ சொல்ல, அண்ணன் மூச்சு வாங்க என் பட்டறைக்கு வந்தார்.

"ஏலே, அத எடுத்துரு."

"சிங்கம் பயப்படலாமாண்ணே?"

"திட்டுறவன் நானு. படிக்கப் போறவ அவ. எடுத்துருடா அப்பு."

சரி என்றேன். மறுநாள் கேட்டபோது எடுத்துவிட்டேன் என்றும் சொன்னேன். எடுக்கவில்லை. துபாயிலிருந்து, மலேசியாவிலிருந்தெல்லாம் ஆட்கள் பாராட்டி எழுதிக்கொண்டிருந்தார்கள். இன்னும் இரண்டு நாள் கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

விசா கிடைக்கவில்லை. கொடுத்த தாளில் எனக்கு விளங்குகிற மாதிரி காரணம் எதுவும் இல்லை. அந்த வீடியோவால்தானா என்று எனக்குத் தெரியாது, தெரியவும் வழியில்லை. அண்ணன் அன்று என் பட்டறைப் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். பிறகு, "நீதான் எடுத்துட்டியே. அப்ப வேற காரணமாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். மூன்று வாரத்தில் மாரடைப்பு.

அண்ணனைப் பற்றி என்னிடம் எஞ்சியிருப்பது, 'நீதான் எடுத்துட்டியே' என்ற அந்த ஒரு வார்த்தை. ஊர் பூராவும் என் வார்த்தையில் பாதியைத் தள்ளிவிட்டுத்தான் எடுத்துக்கொள்ளும். அவர் முழுசாக எடுத்துக்கொண்டார்.

அம்மாடி ஸ்டெல்லா, அடுத்த மாதம் மறுபடியும் நேர்காணலுக்குப் போகிறாய். அடக்கம் முடிந்து வந்த அன்றுதான் அந்த வீடியோவை பேஸ்புக்கிலிருந்து எடுத்தேன். வெட்டாத முழுப் பேச்சும் என் போனில் இருக்கிறது; அது உனக்கு. இதை வாசித்து முடிக்கும்போது நீ முன்வரிசையில் இருப்பாய். என்னைத் திட்டுவதென்றால் அங்கேயே எழுந்து நின்று திட்டு. கூட்டம் இருக்கிறதே என்று பார்க்காதே.