தறிக்கூடத்துக் கைப்பேச்சு

எழுபதுகளின் நடுவில் எங்கள் மில் வாலிபால் அணிக்கு ஆறாவது ஆள் தேவைப்பட்டது. அந்த இடம் உன் தம்பிக்குத்தான் என்று மனைவியிடம் வாக்குக் கொடுத்திருந்தேன். கேப்டனோ குடோனில் துணி மூட்டை தூக்கும் ஒருவனைக் கொண்டுவந்து நிறுத்தினார். பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது என்றார். நல்ல உயரம். அவன் அடித்தால் பந்து மண்ணில் குழி பறிக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

முதல் நாளே சந்தேகமும் வந்துவிட்டது. நடுவர், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற சொல்தா ஒருவர். அவர் விசில் ஊதினால் எங்களுக்கு முன்னால் இவன் நின்றுவிடுகிறான். அது எப்படி?

"அண்ணே, இவன் நடிக்கிறான்ணே. செவுடுன்னு சொல்லி உள்ள பூந்துட்டான்."

"அவரு கன்னம் உப்புறத பாத்து நிக்கிறான்டா. நீ பந்த பாரு," என்றார் கேப்டன்.

நான் அவனைத்தான் பார்த்தேன். ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் அவன் முதுகுக்குப் பின்னால் தூக்குவாளியைத் தரையில் போட்டேன். திரும்பிப் பார்த்தான். மாட்டிக்கொண்டான் என்று துள்ளினேன். பலகைத் தரை அதிர்ந்தது உட்கார்ந்திருந்தவனுக்குத் தெரிந்திருக்கும் என்பது என் மூளைக்கு எட்டவில்லை. எட்டவிடவில்லை என்பதுதான் நிஜம்.

மற்றவர்களைத் தனியாகக் கூப்பிட்டேன். "அவன் எதுர்ல வாயத் தொறக்காதீங்க. எல்லாம் கேக்குது அவனுக்கு. கையால பேசுங்க."

தறிக்கூடத்து ஆட்களான எங்களுக்கு ஒரு கைப்பேச்சு உண்டு. அத்தனை தறியும் ஓடும்போது பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் கேட்காது. நூல் அறுந்தது, மேஸ்திரி வருகிறார், டீக்குப் போகலாமா, எல்லாவற்றுக்கும் ஒரு சாடை. மேஸ்திரி வீட்டுச் சண்டைக்குக்கூட. குடோன்காரர்களுக்கு அது தெரியாது. அதனால் மூன்று மாதம் அவன் கண்ணெதிரிலேயே அவனைப் பற்றிக் கையால் பேசினோம். அவனுக்கென்று நானே ஒரு சாடை கண்டுபிடித்தேன். காது மடலை இழுத்து விரலைச் சுழற்றினால், பொய்க்காது. அவனைக் கழற்றிவிட வேண்டும் என்று கை வலிக்கப் பேசினேன். அவன் பாட்டுக்கு வலையை இழுத்துக் கட்டிக்கொண்டிருப்பான்.

இறுதி ஆட்டம் அரியாங்குப்பத்தில். கடைசி செட், பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. இடையில் ஒதுங்கி நின்றபோது கேப்டனுக்குச் சாடை காட்டினேன். பொய்க்காதை வெளியே போடு, என் மச்சினனை இறக்கு.

கேப்டன் பதில் சொல்வதற்குள் வேறு இரண்டு கைகள் எழுந்தன. குடோன்காரனின் கைகள். எங்கள் சாடையிலேயே, எங்களைவிட வேகமாக.

"வெளியே போடுங்கள். நான் உட்கார்ந்துகொள்கிறேன்."

பிறகு என் பக்கம் திரும்பிக் காது மடலை இழுத்து விரலைச் சுழற்றினான். "நான் அது இல்லை" என்றான்.

உனக்கு இது எப்படித் தெரியும் என்று கேப்டன் கையால் கேட்டார்.

"என் அம்மா நம் தறிக்கூடத்தில்தான் வேலை செய்தாள். குழந்தையிலிருந்து என்னிடம் அவள் பேசியது இந்தப் பேச்சுதான்."

"ஏன் சொல்லவில்லை?"

"எப்போது நிறுத்துவீர்கள் என்று பார்த்தேன்."

கேப்டன் என்னை முறைத்தார். "ஒருத்தனையும் மாத்தல. போயி ஆடுங்கடா."

தோற்றோம். கடைசிப் பந்து என் கையில் பட்டுத்தான் வெளியே போனது.

மறுநாள் குடோன் வாசலுக்குப் போனேன். இரவெல்லாம் யோசித்து, சொல்ல வேண்டியதைக் கையில் பழகி வைத்திருந்தேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. அவன் மூட்டையை இறக்கிவிட்டு நிமிர்ந்தான். நான் கைகளைத் தூக்கினேன். அவன் கண்களை மூடிக்கொண்டான்.

அதற்குப் பிறகும் நாலு வருஷம் ஒன்றாக ஆடினோம். எல்லோர் கையையும் பார்ப்பான், சிரிப்பான், பதில் பேசுவான். நான் கையைத் தூக்கினால் மட்டும் கண்களை மூடிக்கொள்வான்.