தீபாவளி விருந்தாளிகளும் ஒரு தேக்குச் சட்டமும்

தீபாவளியன்று காலையில் யாராவது படகுக்கு மரம் ஒட்டுவார்களா?

நான் ஒட்டினேன்!

மலேசியாவின் மூவாரில் எங்கள் வீட்டு போர்ச்சில் ஒரு பழைய ஃபைபர் கிளாஸ் படகு நிற்கிறது. மனைவி சாரதாவை ஆற்றில் அழைத்துப் போக ஆசை ஆசையாக வாங்கியது. அதன் விளிம்பு பிசிறு பிசிறாக உடைந்து, தொட்டால் கையைக் கிழிக்கும். "ஓரத்துக்கு மரம் வைங்க. அப்புறந்தான் ஏறுவேன்" என்றுவிட்டாள். அவள் இல்லாமல் எனக்கென்ன படகு சவாரி?

அவள் தம்பி குமரனுக்கு நாற்காலிப் பட்டறையில் வேலை. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு தேக்குச் சட்டங்கள் கொண்டுவந்தான். போன வாரமே இடது பக்கத்தை ஒட்டிவிட்டோம். பண்டிகையன்று, புது ஜிப்பாவோடு வலது பக்கம். "விருந்தாளிங்க வர்றதுக்குள்ள முடிச்சிரலாம் மச்சான்" என்றான். சீக்கிரம் இறுகும் பசை. தடவி, சட்டத்தைப் பொருத்தி, இறுக்கிப் பிடிக்கும் கிளாம்பைத் தேடினால்...

இல்லை. லீவுக்கு முன்பே பட்டறையில் திருப்பிக் கொடுத்துவிட்டோம்!

படகின் மூக்குப் பக்க வளைவில் சட்டம் திமிறியது. "கைய விட்றாதீங்க மச்சான், தெறிச்சிரும்!" வேறு சட்டமும் கிடையாது. இரண்டு பேருடைய நான்கு கைகள் எந்த மூலைக்குப் போதும்?

அந்த நேரம் பார்த்து கேட்டைத் திறந்தார் எதிர்வீட்டு மலாய் அத்தை ஆமினா மக்சிக், குடும்பத்தோடு.

"அலமாக்!" என்று மலாயில் பதறினார்.

கைப்பையைக் கீழே வைத்தார், சட்டத்தைப் பிடித்தார். பின்னால் வந்தவர்களும் பிடித்தார்கள். அடுத்து என் அலுவலக நண்பர்கள். பட்டுச் சேலையும் மலாய் உடையான பாஜு கூரோங்குமாக வலது பக்கம் முழுக்க வரிசை!

வெளியே வந்த சாரதா இடுப்பில் கை வைத்தாள். "பலகாரத்த வச்சிக்கிட்டு உள்ள உக்காந்திருக்கேன்... இங்க என்னங்க கூத்து?"

அடுத்த நிமிடம் தட்டோடு வந்தாள். எனக்கு இட்லியும் கோழிக் கறியும் ஊட்டினாள். மக்சிக் வாயில் முறுக்கு. "இன்னொன்று தந்தால்தான் பிடிப்பேன்" என்று மக்சிக் மலாயில் மிரட்ட, சிரித்த சிரிப்பில் படகே ஆடியது.

விருந்தாளியைச் சோபாவில் உட்கார வைப்பதுதான் மரியாதை என்று நினைக்கிறோம். ஒரு வேலை கொடுத்துப் பாருங்களேன்... எங்கள் ஹாலில் இப்படி யாரும் சிரித்ததே இல்லை.

கடைசியில் குமரன் தலையாட்டினான். ஒவ்வொருவராகக் கையை எடுத்தோம். சட்டம் அசையவில்லை.

சாரதா கறிக் கையைக் கழுவிவிட்டு வந்து, உள்ளங்கையால் விளிம்பைக் கடைசி வரை தடவினாள். பிறகு பட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, போர்ச்சிலேயே படகில் ஏறி உட்கார்ந்தாள்.

"ம்... ஆறு எங்க?"



வீட்டுக் கூரையும் ஒழுகுகிறது. அதை அடுத்த தீபாவளிக்கு வைத்திருக்கிறேன்!