வளர்ந்துகொண்டிருந்த மண்மேடு

மலையை வெட்டிக் கல்லெடுத்த இடத்தை எப்படிச் சீராக்குவது, அதற்கு என்ன செலவாகும் என்று திட்டம் எழுதிக் கொடுப்பதுதான் சில வருடங்களாக என் பிழைப்பு. மைசூர் தேவராஜ மொஹல்லாவில் பூக்கடைகளுக்குப் பின்னால் ஒரு மாடியறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். படித்து வந்த வேலை இல்லை. வீடு கட்டுகிறவர்களுக்கு அஸ்திவார மண்ணைக் கணக்குப் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். தோண்டக் கணக்குத் தெரிந்தவனுக்கு மூடக் கணக்குத் தெரியாதா என்று ஒரு குவாரிக்காரர் இதில் இழுத்துவிட்டார். தெரியாதுதான். கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டேன். டீக்கடையில் ஒரு டிப்பர் டிரைவர் சொன்னதை இன்னும் விடாமல் வைத்திருக்கிறேன்: "மண்ணுக்கு என்னா சார் விலை? தூரத்துக்குத்தான் விலை."

கொள்ளேகாலைத் தாண்டி ஹனூர் போகிற வழியில் ஒரு கருங்கல் குவாரி. குத்தகை முடியப்போகிறது. மூடும் திட்டத்தை அதிகாரிகள் ஒப்புக்கொண்டால்தான் குத்தகைக்காரர் கழன்றுகொள்ள முடியும். மைசூர்க்காரர், வீட்டில் கன்னடம், என்னோடு தமிழ்.

குவாரி தொடங்கும்போது மேலே இருக்கும் நல்ல மண்ணை வழித்து ஓரமாகக் குவித்துவிட வேண்டும் என்பது விதி. கல்லெடுத்து முடிந்ததும் அதே மண்ணைத் திரும்பப் பரப்பி மரம் வைக்க வேண்டும். பெரும்பாலும் அந்தக் குவியல் மழையில் கரைந்து பாதியாகியிருக்கும், இல்லை யாராவது அள்ளிக்கொண்டு போயிருப்பார்கள். இங்கே நாடா பிடித்தால், அந்தப் பள்ளத்திலிருந்து வழித்திருக்கக்கூடிய மண்ணைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு இருந்தது. திரும்ப அளந்தேன். அதேதான். மேட்டின் மேல் அவரையும் பூசணியும் தம் பாட்டுக்குப் படர்ந்து கிடந்தன.

"ஏன் சார், மண்ணு குட்டி போடுதா?" என்றார் குத்தகைக்காரர். அவருக்குச் சந்தோஷம்தான். வெளியிலிருந்து மண் வாங்குகிற செலவு மிச்சம். "ஆகலி சார், ஆகட்டும், எழுதிக்குங்க."

எனக்கு எழுத மனம் வரவில்லை. எங்கிருந்து வந்தது என்று தெரியாத மண்ணை எப்படி எழுதுவது? உள்ளே கல்லைப் போட்டு மூடியிருப்பார்களோ என்று ஜேசிபியை விட்டு மேட்டின் ஓரத்தை ஒரு கீற்று வெட்டச் சொன்னேன். அடியில் செம்மண். அதன் மேல் கறுப்புக் களி, அடுக்கடுக்காக. விரலால் நோண்டினால் வெள்ளை வெள்ளையாக நத்தை ஓடுகள். சுற்றிலும் குளம் குட்டை எதுவும் இல்லாத மொட்டைப் பாறையில் நத்தை எப்படி வந்தது?

அங்கே வேலையாட்களுக்கு மெஸ் நடத்துகிற அம்மா கரண்டியும் கையுமாக வந்து நின்றுவிட்டார். ஹனூர்ப் பக்கத்துக்காரர்.

"அந்தச் செவப்பு மண்ணு மொதலாளியோடதுங் சார்," என்றார். "கறுப்பு பூராவும் என்ற கொழம்புங்க."

விஷயம் இதுதான். கல்லை நஞ்சன்கூட்டுப் பக்கம் இறக்கிவிட்டு டிப்பர்கள் காலியாகத் திரும்பும். வழியில் ஒரு ஏரியில் தூர் வாருகிறார்கள். டிரைவர்கள் அங்கே கொஞ்சம் வண்டல் போட்டுக்கொண்டு வந்து மேட்டில் கொட்டினால், அன்றைக்கு இந்த அம்மாவின் மெஸ்ஸில் சாப்பாட்டுக்குக் காசு கிடையாது. வருடக்கணக்காக நடந்திருக்கிறது.

குத்தகைக்காரர் வயிறு குலுங்கச் சிரித்தார். கறுப்பு மண்ணைத் தன் நிலத்துக்குக் கொண்டுபோகப் போகிறேன் என்று அந்த அம்மா சொன்னதும் சிரிப்பு நின்றது. ஹனூர் தாண்டி அவருக்குப் பாறைமேல் ஒரு துண்டு நிலம். குவாரி மூடினால் மெஸ்ஸும் மூடும். அதன் பிறகு அந்த நிலம்தான். இவ்வளவு காலம் சேர்த்தது அதற்காகத்தான்.

தன் குத்தகை நிலத்தில் கிடப்பது தன்னுடையது என்றார் குத்தகைக்காரர்.

"உங்க சட்டியில என்ற அரிசி வெந்தா, சோறு உங்களுதாயிருமுங்களா?"

குத்தகைக்காரர் என்னைப் பார்த்தார். நான் அந்த மேட்டிலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மண் அந்த அம்மாவின் நிலத்துக்குப் போய்ச் சேர என்ன செலவாகும் என்று போட்டுப் பார்த்தேன். தூரமே எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது. சொன்னேன். அந்த அம்மா ஒரு பூசணியைத் திருப்பி நிழலில் வைத்துவிட்டு, இந்தத் திட்டத்தில் வேறென்ன எழுதுவீர்கள் என்று கேட்டார். மரக்கன்றுக்கு மூன்று வருடம் தண்ணீர் ஊற்றிக் காவல் காக்க வேண்டும் என்றேன்.

"அதுக்கு ஆளு?"

ஆள் இல்லை. மூடிய குவாரியில் யார் தங்குவார்கள் என்பதுதான் குத்தகைக்காரரின் பெரிய தலைவலி.

நான் இருக்கிறேன் என்றார் அந்த அம்மா. கூலியோடு இரண்டு நிபந்தனை. கறுப்பு மண்ணை, பள்ளத்தில் தேங்கும் மழைத் தண்ணீருக்குப் பக்கத்தில் கல் வெட்டிய கீழ்ப்படியில் பரப்ப வேண்டும். கன்றுகளுக்கு நடுவே முளைக்கிற காய்கறி அவருடையது.

"ஆளே இல்லாத எடத்துல மெஸ்ஸு நடத்துவியாம்மா நீ?"

"சோறு இருந்தா டிப்பரு நிக்குமுங்க மொதலாளி."

ஒப்புக்கொண்டார். திட்டத்தில் செம்மண்ணைத் தனியாகவும் கறுப்பு மண்ணைத் தனியாகவும் எழுதினேன்.

மழைக்குப் பிறகு பார்வையிடப் போனேன். கீழ்ப்படி கறுப்பாக இருந்தது. புங்கன் கன்றுகளைச் சுற்றி அவரை ஏறிக்கொண்டிருந்தது. ரோட்டோரம் வேறொரு குவாரியின் காலி டிப்பர். டிரைவர் கீழே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் புதிதாக ஒரு சின்னக் கறுப்புக் குவியல், நத்தை ஓடுகளோடு.

இது எதற்கு என்றேன். ஏரிப் பக்கமிருந்து திரும்புகிற டிப்பர்கள் சாப்பாட்டுக்காக இறக்கிவிட்டுப் போனதாம். இந்த டிரைவருக்கு ஹனூர் தாண்டித்தான் குவாரியாம். சாப்பிட்டதும் அந்தக் குவியலை அள்ளிப் போட்டுக்கொண்டு போய் அம்மாவின் நிலத்தில் தள்ளிவிடுவாராம்.

"சும்மா போற வண்டிக்கு ஏதுங் சார் தூரம்?" என்று சொல்லி, அந்த அம்மா அவர் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றினார்.

பழக்கதோஷம், என் கை பையில் நாடாவைத் தேடியது.

"அளக்காதீங் சார்," என்றார். "இன்னும் வருது."