விழுந்துருச்சு என்றால் விலை

மாலை நான்கு பத்துக்குக் கைபேசி அடித்தது. "அக்கா, விழுந்துருச்சுக்கா..." என்றது குரல். அதோடு சிக்னல் போய்விட்டது. பேசியவர் எங்கள் லோடுமேன். காலையில் என் மகளோடு மலைக்கிராமமான கூக்காலுக்குக் காய் ஏற்றப் போனவர்.

பட்டர் புரூட் என்கிற அவகாடோவை வாங்கி விற்கிறவர்களுக்கு அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். விலை. முன்பு வேலியோரம் உதிர்ந்து அழுகிக் கிடந்த பழத்தை இன்று பெங்களூர்க் கடைகளில் ஒவ்வொன்றாகக் காகிதம் சுற்றி அடுக்குகிறார்கள். சில பருவங்களாக விலை ஏறிக்கொண்டே போகிறது. விழப்போகிறது என்று சொல்லிப் பயமுறுத்தவும் தினம் ஒருவர் பஜாருக்கு வந்துவிடுவார்.

கணவர் இருந்தவரை கொடைக்கானலில் எங்களுக்கு மளிகைக்கடை மட்டும்தான். காய் வியாபாரம் நான் தொடங்கியது, அதை நன்றாகவே செய்கிறேன். மழைக்காலத்தில் கூக்கால் தோட்டக்காரர்களுக்கு அரிசி, எண்ணெய், உரம் ஏற்றி அனுப்புவேன். பருவம் வந்ததும் காயை எனக்குத் தருவார்கள். அமேசான் காட்டில் ரப்பருக்கு மவுசு வந்த காலத்திலும் வியாபாரிகள் இப்படித்தான் படகில் சாமான் கொண்டுபோய் ரப்பரோடு திரும்பினார்களாம். வரலாறு படித்த மகள் சொன்னது. அவர்களில் பலர் பொல்லாதவர்கள், நீ எப்படி என்று சீண்டுவாள். காய் கொடுக்கிறவர்களிடம் போய்க் கேள் என்பேன். வேறு ஆளுக்கு விற்றவர்கள் வீட்டுக்கும் அடுத்த மழையில் என் அரிசி போயிருக்கிறது.

காய் பார்ப்பதிலும் எனக்குப் பிசகாது. காதருகே வைத்து ஆட்டினால் உள்ளே கொட்டை அசைய வேண்டும். அதற்கு முன்பே பறித்த காய் எத்தனை நாள் வைத்தாலும் கனியாமல் ரப்பர் மாதிரி இழுக்கும். விலை இருக்கும்போதே விற்றுவிடலாம் என்று பலரும் பிஞ்சிலேயே பறிக்கிறார்கள். நான் பறிக்க விடுவதில்லை. மகளுக்கும் அந்தக் காது வாய்த்திருக்கிறது. பிக்கப் வண்டியும் நன்றாக ஓட்டுவாள். அதனால்தான் அவளை அனுப்புகிறேன்.

அழைப்பு அறுந்ததும் நான் போன் போட்டது வத்தலக்குண்டு மண்டிக்கு. மண்டிக்காரர் சிரித்தார்.

"எவன் சொன்னதுங்க? இன்னைக்கு ஏறியில்ல கெடக்கு. வெரசா லோட எறக்குங்க."

சந்தோஷமாகப் போனை வைத்தேன். வைத்த பிறகுதான் உறைத்தது. விலை விழவில்லை என்றால், விழுந்தது எது?

கூக்கால் சாலையில் ஒரு பக்கம் முழுக்கப் பள்ளம். மகளின் எண்ணுக்கு அடித்தேன், தொடர்பு எல்லைக்கு வெளியே. லோடுமேன் எண்ணும் அப்படியே. தெருவில் நின்ற ஜீப்பைக் கூப்பிட்டு ஏறினேன். வழியெல்லாம் பள்ளத்தையே பார்த்துக்கொண்டு போனேன். ஜீப்காரர் ஏதோ ஆறுதல் சொன்னார், ஒன்றும் காதில் ஏறவில்லை.

பூம்பாறை தாண்டியதும் வண்டிகள் வரிசையாக நின்றன. முன்னால் நின்ற கேரட் லாரி டிரைவர், தைலமரம் ஒன்று ரோட்டை அடைத்துக் கிடப்பதாகச் சொன்னார். மரமா என்று மூச்சு வந்தது. வந்த வேகத்தில் நின்றும் போனது.

"அடியில வண்டி எதும் மாட்டலையே?"

"பிக்கப்பு ஒண்ணு அந்தப் பக்கம் நிக்குதுன்னாய்ங்க. சும்மா நிக்குதா, மாட்டிக்கிட்டு நிக்குதான்னு வெவரமாச் சொல்ல ஆளில்லைங்க."

நடந்தேன். முட்டி வலிக்காரி நான், அன்று ஓடினேன் என்றே சொல்லலாம். மூடுபனியில் முதலில் கேட்டது ரம்பச் சத்தம். பிறகுதான் மரம் தெரிந்தது, என் உயரத்துக்குக் கிளைகளை விரித்துக்கொண்டு. ஏறப் போனவளை அறுத்துக்கொண்டிருந்தவர்கள் தடுத்தார்கள். பிக்கப்பில் வந்த பெண் எங்கே என்று கேட்டேன். ரம்பச் சத்தத்தில் அவர்களுக்குக் கேட்கவில்லை. மறுபடி கத்தினேன்.

கிளைகள் அசைந்தன. முதலில் லோடுமேன் இறங்கினார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, சட்டையெல்லாம் சேறும் இலையுமாக என் மகள். உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏம்மா, பஜார் நேரத்துல கடையப் போட்டுட்டு இங்க என்ன சோலி ஒனக்கு?"