பித்தளை எஞ்சினும் ஈரப் பஞ்சும்

எழுபதுகளின் கடைசியில் என் அண்ணன் லண்டனிலிருந்து விடுமுறைக்கு வந்தபோது என் கணவருக்கு ஒரு ரயில் எஞ்சின் கொண்டுவந்தான். அப்படித்தான் சொன்னான். செகந்தராபாத் மாரெட்பள்ளியில் எங்கள் வீட்டு முன்னறையில் வைத்து டப்பாவைத் திறந்தால் உள்ளே எஞ்சினும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. நாலைந்து பித்தளைத் தகடுகள், ஒரு பொட்டலம் சக்கரம், கொஞ்சம் கம்பி, ஆங்கிலத்தில் ஒரு செய்முறைத் தாள். தகட்டில் நீராவி எஞ்சினின் பக்கங்கள், படி, ஜன்னல் எல்லாம் அமிலத்தால் அரித்து வெட்டப்பட்டு, மெல்லிய துணுக்குகளால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன.

"மாப்ள, இதை நீங்களே வெட்டி, மடிச்சு, ஈயம் பத்த வச்சுச் செய்யணும். அதுதான் இதுல விசேஷம்" என்றான் அண்ணன்.

"ஹவ், ஹவ், பண்ணிடலாம்" என்று எங்கள் ஊர் வழக்கில் ஆமாம் போட்டார் இவர், என்னவோ தினமும் எஞ்சின் செய்கிற மாதிரி.

ரயில் என்றால் இவருக்குப் பைத்தியம். செகந்தராபாத் ஸ்டேஷனுக்கு யாரையாவது ஏற்றிவிடப் போனால், வந்த ஆளை விட்டுவிட்டு எஞ்சின் பக்கத்தில் போய் நின்றுகொள்வார். அதெல்லாம் சரி. ஆனால் பென்சில் சீவினாலே கையை வெட்டிக்கொள்கிற மனுஷர் ஈயம் பற்றவைப்பாராம்! நல்ல கூத்து.

ஈயம் என் பிழைப்பு. நாச்சாரம் பக்கம் ஒரு அரசுத் தொழிற்சாலையில் நாங்கள் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து நாள் முழுவதும் சர்க்யூட் போர்டுகளில் ஈயம் வைப்போம். வாரத்தில் ஆறு நாள் செய்கிற வேலையை ஞாயிற்றுக்கிழமையும் செய்ய யாருக்குப் பிடிக்கும்? "எனக்கு நக்கோ, ஆளை விடுங்க" என்றுதான் முதலில் சொன்னேன். ஒரு சக்கரச் சட்டத்தை ஒட்டுகிறேன் என்று அவர் மேஜை விரிப்பைப் பொசுக்கிய பிறகு, ஈயம் உருக்கும் ஐயர்னை நானே பிடுங்கிக்கொண்டேன்.

அந்த மழைக்காலம் முழுவதும் ஞாயிற்றுக்கிழமைகள் அதிலேயே போயின. காலையில் சர்ச், மதியம் சாப்பாடு, பிறகு சாப்பாட்டு மேஜையில் எஞ்சின். அவர் தாளைப் படித்துச் சொல்வார், துண்டுகளை வெட்டி எடுத்து அரத்தால் தேய்ப்பார், மடிப்பார். நான் ஒட்டுவேன். அப்போது நாங்கள் பேசிய பேச்சை அதற்கு முன்னும் பேசியதில்லை, பின்னும் பேசியதில்லை. அவர் ஆபீஸ் கதை, என் பிரிவில் நடந்த சண்டை, வாடகை வீட்டுக்காரரின் நாய், எல்லாம் அந்த மேஜையில்தான். எனக்கு அது பிடித்திருந்தது, சொல்வதற்கென்ன. திங்கட்கிழமையே அடுத்த ஞாயிறு எப்போது வரும் என்று இருக்கும்.

மடிக்க வேண்டிய இடத்தில் தகட்டின் பாதி ஆழத்துக்கு ஒரு கோடு அரித்திருக்கும். அந்தக் கோடு மடிப்புக்கு உள்பக்கம் வரவேண்டும். டிரைவர் நிற்கும் அறையை இவர் அவசரத்தில் தலைகீழாக, கோடு வெளியே வரும்படி மடித்துவிட்டார். தப்பு என்று தெரிந்ததும் திருப்பி மடித்தார். மூலை முறிந்து கையோடு வந்துவிட்டது. மனுஷர் முகம் செத்துப்போயிற்று. "போகுது விடுங்க" என்று நான் அந்த மூலையை உள்பக்கமாக ஈயத்தால் நிரப்பி, தேய்த்து, தேய்த்து, முறிந்த இடமே தெரியாமல் செய்தேன். அன்றைக்குத்தான் சொன்னார்: "முடிஞ்சதும் அடியில நம்ம ரெண்டு பேர் பேரையும் கீறிடணும்."

ஒரு விஷயம் மட்டும் அவருக்கு ஆகாது. பித்தளையில் சூடு சட்டென்று பரவும். இங்கே ஒன்றை ஒட்டினால், ஒரு விரற்கடை தள்ளி, போன வாரம் ஒட்டியது உருகி விழுந்துவிடும். அதனால் ஏற்கெனவே ஒட்டிய இடங்களின் மேல் ஈரப் பஞ்சை வைத்துவிட்டுத்தான் நான் ஐயர்னைக் கையில் எடுப்பேன். தண்ணீர் சொட்டும். "மேஜை வீணாப் போகுது பாரு" என்று முணுமுணுத்துக்கொண்டே கைக்குட்டையால் துடைப்பார். ஒவ்வொரு ஞாயிறும் இதே பாட்டுதான்.

கிறிஸ்துமஸுக்கு முன்பே எஞ்சின் முடிந்தது. பெயிண்ட் வேண்டாம், பித்தளையாகவே மினுங்கட்டும் என்று விட்டுவிட்டோம். அடேயப்பா, என்ன அழகு! பேரை அடுத்த ஞாயிறு கீறலாம் என்றார். அதற்குள் ஆபீஸில் எல்லோருக்கும் ஒருமுறை காட்டிவிட்டு வருகிறேன் என்று துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். நான் கேட்டபோதெல்லாம், "இன்னும் ரெண்டு பேர் பாக்கணுங்கறாங்க" என்பார். நானும் நம்பினேன்.

ஜனவரியில் அவருடைய மேலதிகாரிக்குத் திருமண வெள்ளிவிழா. மதராஸ்காரர், போலாரத்தில் ஒரு பழைய பங்களாவில் இருந்தார். பட்டுப்புடவை கசங்காமல் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போனேன். உள்ளே நுழைந்தால் ஹாலின் நடுவில், கண்ணாடிப் பெட்டிக்குள் என் எஞ்சின்.

அதிகாரி எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். பெட்டியைத் திறந்து டிரைவர் அறையின் மூலையை விரலால் தடவி, "ஒட்டின இடமே தெரியல பாருங்க. என்ன கைய்யா உங்களுக்கு!" என்றார். அந்த மூலை! இவர் தலையைக் குனிந்து, "ஏதோ பொழுதுபோக்குக்கு, சார்" என்றார்.

அதிகாரியின் மனைவி நல்ல மாதிரி. என் பக்கம் திரும்பி, "அவர் இதெல்லாம் செய்யும்போது நீங்க என்னம்மா பண்ணுவீங்க?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் இவர் முந்திக்கொண்டார்.

"பக்கத்துல உக்காந்திருப்பா, மேடம். டீ போட்டுக் குடுப்பா."

எல்லோரும் சிரித்தார்கள். சபையில் மானத்தை வாங்க வேண்டாம் என்று நானும் சிரித்துத் தொலைத்தேன்.

வீட்டுக்கு வந்து ஸ்கூட்டரை நிறுத்தும் முன்பே ஆரம்பித்தேன். புரொமோஷன் அந்த அதிகாரி கையில்தான் இருக்கிறது, நம் இருவருக்கும்தானே நல்லது, ஒரு பொம்மைக்கு இவ்வளவு கோபமா என்றார்.

"கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேன். இது நாங்க ரெண்டு பேரும் செஞ்சதுன்னு சொல்றதுக்கு உங்க வாய் என்ன தேய்ஞ்சா போயிடும்?"

"அங்க போய் அதெல்லாம் விளக்கிட்டு இருக்க முடியுமா?" என்றார். சில நாள் நான் பேசவில்லை. பிறகு பேசினேன், ஒரே வீட்டில் இருந்துகொண்டு எத்தனை நாள் பேசாமல் இருப்பது?

ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நோன்பு நாட்கள் தொடங்கிய சமயம், ஒரு சனிக்கிழமை அதிகாரியின் டிரைவர் எஞ்சினைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். துடைக்கும்போது கீழே விழுந்து புகைபோக்கி கழன்றுவிட்டதாம். மறுநாள் மதியம் இவர் அதை மேஜையில் வைத்து, ஐயர்னையும் எடுத்து வைத்து, மிகவும் தணிந்த குரலில் சொன்னார்: "கொஞ்சம் ஒட்டிக் குடுத்துடேன். நாளைக்குக் குடுத்தாகணும்."

சொன்னால் நம்புங்கள், ஒட்டிக் கொடுக்கத்தான் உட்கார்ந்தேன். எஞ்சினைக் கையில் எடுத்ததும் கோபமெல்லாம் எங்கோ போய்விட்டது. ஐயர்ன் சூடேறிக்கொண்டிருந்தது. பஞ்சை நனைக்க எழுந்திருக்கும் முன் சும்மா எஞ்சினைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் பேர் கீறியிருந்தது. அவர் பேர் மட்டும். பக்கத்தில் இன்னொரு பேருக்குத் தாராளமாக இடம் இருந்தது.

எஞ்சினை மேஜையில் வைத்தேன்.

"பேர் போட்ட ஆள்தானே ஒட்டணும்? ஒட்டுங்க."

கெஞ்சினார். பிறகு அவருக்கும் ரோஷம் வந்துவிட்டது. "இதென்ன பெரிய வித்தையா?" என்று ஐயர்னை எடுத்துப் புகைபோக்கியின் அடியில் வைத்து அழுத்தினார். நான் எதிர் நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஈயம் பிடிக்கவில்லை. இன்னும் அழுத்தினார். முதலில் பக்கத்துக் கைப்பிடிக் கம்பி தொங்கியது. அதைப் பிடிக்கப் போய் விரலைச் சுட்டுக்கொண்டார். முன் மூடி உருண்டு விழுந்தது. பிறகு பாய்லரின் அடிமடிப்பு வாயைப் பிளந்தது. மழைக்காலம் முழுவதும் நான் சேர்த்தவையெல்லாம் கண்ணெதிரே ஒவ்வொன்றாகக் கழன்று மேஜையில் விழுந்தன. நான் எழுந்திருக்கவில்லை.

சுட்ட விரலை வாயில் வைத்தபடி, விழுந்து கிடந்த துண்டுகளையும் உலர்ந்திருந்த மேஜையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்:

"நீ ஈரப் பஞ்சு வைப்பியே... அது இதுக்குத்தானா?"

அத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் முழங்கை இடிக்கப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் கேட்ட கேள்வி அது. போலாரத்தில் அத்தனை பேர் முன்னால் டீ போட்டுக் கொடுப்பாள் என்றபோது, மனசறிந்து பொய் சொல்கிறார் என்றுதான் நினைத்திருந்தேன். பொய்யாகவே இருந்திருந்தால் தேவலை. அவருக்கு நிஜமாகவே அவ்வளவுதான் தெரிந்திருக்கிறது.

ஐயர்ன் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சமையலறைக்குப் போய் டீ போட்டேன். ஒரு டம்ளர்தான் போட்டேன்.