ஐந்து பண்புகளும் ஓர் ஆசிரியர் தினமும்

நல்ல மொழியாசிரியருக்கு ஐந்து பண்புகள் உண்டு. தலைமுடி கொட்டிய இந்த வயதிலும் அவற்றை மூச்சு விடாமல் ஒப்புவிப்பேன். ஆசிரியர் தினப் பேச்சுக்காகப் பத்து வயதில் மனப்பாடம் செய்தவை. எழுதித் தந்தவர் எங்கள் தமிழ் சேர். நல்ல மொழியாசிரியரைப் பற்றி அவரளவு உயர்ந்த அபிப்பிராயம் கொண்டவர், பள்ளிக்கூடம் இருந்த வெள்ளவத்தையில் வேறு யாரும் இல்லை.

முதற் பண்பு பொறுமை. அந்த வரியில் தடுக்கிய போதெல்லாம் சேரின் அடிமட்டம் என் விரல்மேல் விழுந்தது. இரண்டாவது, மாணவன் வீட்டிலிருந்து கொண்டுவரும் மொழியை மதிப்பது. அதைச் சொல்லித் தரும்போது, "வீட்டுப் பாஷையை கேற்றடியில கழட்டி வைச்சிட்டு வா, விளங்குதே?" என்பார். சப்பாத்தைப் போல.

கழற்ற வேண்டியது அம்மாவின் பாஷை. அவர் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, கல்யாணமாகிக் கொட்டாஞ்சேனைக்கு வந்தவர். இரவில் நான் ஒப்புவிக்கும்போது வெங்காயம் உரித்தபடி கேட்பார்.

"மதிப்பது, மதிப்பதுங்கிறியே, அது என்னான்னு ஒனக்கு வெளங்குதா மொதல்ல?"

விளங்கவில்லை என்றேன். விளக்கினார். அதன்பிறகு என் பேச்சில் ராகம் குறைந்து பேச்சு வந்தது. இப்படி விளங்கவைப்பது ஐந்து பண்புகளில் இல்லை.

ஆசிரியர் தினத்தன்று மண்டபம் கைதட்டியது. அம்மா நல்ல சேலை உடுத்து வந்திருந்தார். பஸ்ஸில் வரும்போதே வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததை சேரிடம் சொன்னார்:

"ரொம்ப சந்தோசங்க சார். புள்ளய நல்லா பேச வச்சிட்டீங்க."

சேர் பக்கத்தில் நின்ற கணித ரீச்சரின் பக்கம் திரும்பினார்.

"'ரொம்ப சந்தோசங்க'வாம். கேட்டீங்களே ரீச்சர்? இதைப் பெடியன்ட வாயிலயிருந்து கழுவி எடுக்க நான் பட்ட பாடு."

அம்மாவின் இழுப்பிலேயே அச்சொட்டாகச் சொன்னார், திறமைசாலி. சுற்றி நின்ற பெற்றோர் சிரித்தார்கள். கொஞ்சம் பிந்தி அம்மாவும் சிரித்தார். அதனால் பகிடி அவருக்கும் பிடித்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

திரும்பும் பஸ்ஸில் அம்மா ஜன்னல் பக்கம் இருந்தார். கொள்ளுப்பிட்டி தாண்டிக் கடல் தெரிந்ததும், "இனிமே வெளியில நீயே பேசிருடா" என்றார்.

பேசினேன். தபால்காரரிடம் பேசினேன். பெற்றோர் கூட்டத்தில் அம்மாவைப் பக்கத்தில் இருத்திவிட்டு, என் குறைந்த புள்ளிகளுக்கு நானே விளக்கமளித்தேன். டிஸ்பென்சரியில் டொக்டர், "அம்மாவுக்கு எங்க நோகுது?" என்று கேட்பார். அம்மா என்னைப் பார்ப்பார். மேடையில் நிற்பதுபோல் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நான் பதில் சொல்வேன்.

என் பேச்சுத்திறமைக்கு வீட்டில் தந்த பதவி இது என்றே பல வருடங்கள் நினைத்திருந்தேன்.