பத்மநாதனை முன்மொழிந்தவள்

வாக்குக் கேட்கப் போகிற மனிதர் முதலில் தன் வாயை அடக்கி வைக்க வேண்டாமா? 1991ஆம் ஆண்டு சித்திரையிலிருந்து ஆனி வரை கலாவதி தன்னைத்தானே கேட்டுக்கொண்ட கேள்வி இது ஒன்றுதான். லண்டன் அப்பர் டூட்டிங் வீதியில் சேகரின் பலசரக்குக் கடையில், காசு வாங்கும் ரில்லில் நிற்பவள் அவள். வெண்டிக்காயும் சம்பா அரிசியும் வாங்க வருகிற சனம் ஊர்க்கதை முழுவதையும் அவள் முன்னால்தான் கொட்டிவிட்டுப் போகும். அந்த மூன்று மாதமும் கொட்டியதெல்லாம் பத்மநாதனைப் பற்றிய வசவு. அதில் பாதி அவளுக்கும் சேர்த்துத்தான். பத்மநாதனின் பெயரைத் தமிழர் நலன்புரிச் சங்கத் தலைவர் பதவிக்கு முன்மொழிந்து கையெழுத்துப் போட்டவள் அவளல்லவா!

அவளுக்கு இந்தத் தேர்தல் எதற்கு என்று கேட்காதவர்கள் இல்லை. பெற்றோல் நிலையத்தில் இரவு ஷிப்ட் முடித்து வருகிற அவளுடைய கணவர்கூடச் சாப்பாட்டுக் கோப்பைக்கு முன்னால் இருந்து அதையே கேட்டார். கலாவதிக்குக் காரணம் இருந்தது. மூன்று வருடத்துக்கு முன் காய்ச்சலென்று டொக்டரிடம் போனவள், அங்கே ஒரு தாயையும் மகனையும் கண்டாள். தாய்க்கு ஆங்கிலம் வராது. பையனுக்கு ஏழு வயதிருக்கும். அம்மாவுக்கு எங்கே இரத்தம் போகிறது, எத்தனை நாளாகப் போகிறது என்று டொக்டருக்குச் சொல்ல வேண்டியவன் அவன். பையன் தன் சப்பாத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். தாய் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். கலாவதி எழுந்துபோய்ப் பையனை வெளியில் அனுப்பிவிட்டு, அன்றைக்குத் தானே மொழிபெயர்த்தாள். வீட்டுக்கு வந்தும் மனம் ஆறவில்லை.

அப்படித் தொடங்கியதுதான் செவ்வாய்க்கிழமை வகுப்பு. காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன நேரத்தில், பதினொரு பெண்கள். டொக்டரிடம் பேசுகிற ஆங்கிலம், பள்ளிக்கூடத்துக்கு ரெலிபோன் எடுக்கிற ஆங்கிலம், கவுன்சில் படிவம் நிரப்புகிற ஆங்கிலம். வேறொன்றும் இல்லை. அதற்காகச் சேகரிடம் கெஞ்சிச் செவ்வாய் காலையில் லீவு வாங்கி வைத்திருந்தாள்.

வகுப்பு நடந்தது தமிழர் நலன்புரிச் சங்கத்தின் மண்டபத்தில். பழைய சாரணர் கட்டிடம். கவுன்சிலுக்கு ஒன்பது கடிதம் எழுதி அதைக் குத்தகைக்கு எடுத்துத் தந்தவர் பத்மநாதன். வகுப்புக்கென்று மண்டபக் கதவின் திறப்பைக் கொடுத்தவரும் அவர்தான். இப்போது பழைய தலைவர் விலக, கணேசலிங்கம் தேர்தலில் நின்றார். கல்யாணங்களுக்கு மணவறை வாடகைக்கு விடுகிறவர். நல்ல மனிதர், சிரித்த முகம், யாருடைய பிள்ளை எந்த வகுப்பில் படிக்கிறது என்பதெல்லாம் நாக்கு நுனியில் வைத்திருப்பார். ஆனால் தலைவராக வந்தவுடன் மண்டபத்தை வார நாட்களில் வெளியாருக்கு வாடகைக்கு விடுவேன் என்று சொல்லிவிட்டார். சங்கத்துக்கு வருமானம் வேண்டுமாம். அப்படியென்றால் செவ்வாய் வகுப்பு? பார்ப்போம் என்றார். பார்ப்போம் என்றால் என்ன அர்த்தம் என்று கலாவதிக்குத் தெரியும்.

ஆகவே பத்மநாதனை நிறுத்தினாள். அந்த நேரத்தில் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது.

பத்மநாதனுக்கு அறுபத்தொரு வயது. கொழும்பில் கப்பல் கொம்பனியில் வேலை பார்த்து, 1968ஆம் ஆண்டிலேயே லண்டனுக்கு வந்தவர். எந்த வெயிலிலும் கழுத்துப்பட்டி. வகுப்புப் பெண்களின் படிவங்களை மூன்று மணித்தியாலம் இருந்து நிரப்பிக் கொடுப்பார், தேநீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டார். பந்தியில் தனக்கு வந்த முதல் கோப்பையைப் பக்கத்தில் இருப்பவருக்குத் தள்ளிவிட்டு, ஜென்டில்மன் அப்படித்தான் செய்வான் என்பார். தங்கமான மனிதர், வாயைத் திறக்காத வரைக்கும்.

புதுவருட விழாவில் திறந்தார். மண்டபத்தில் முந்நூறு பேர். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் வேட்பாளர்கள் இரண்டு வார்த்தை பேசலாம் என்றார்கள். கணேசலிங்கம் வாழ்த்துச் சொல்லிவிட்டு இறங்கினார். பத்மநாதன் மைக்கைப் பிடித்தார். சாப்பாட்டு மேசைப் பக்கம் சனம் நெருக்கியடிப்பதைக் கண்டதும் தேர்தலை மறந்துபோனார். எண்பத்து மூன்றுக்குப் பிறகு வந்த ஆட்கள் முதலில் கியூவில் நிற்கப் பழக வேண்டும், நாங்கள் வந்த காலத்தில் இப்படி இல்லை என்றார். சொல்லிவிட்டுப் புன்னகை வேறு. அந்த முந்நூறு பேரில் இருநூறுக்கு மேல் எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு வந்தவர்கள். வீடு எரிந்து வந்தவர்கள், தம்பியைப் பறிகொடுத்து வந்தவர்கள். கரண்டிகள் அப்படியே நின்றன. கலாவதி கதிரையில் இருந்தபடியே கண்ணை மூடிக்கொண்டாள்.

அடுத்த நாள் கடையில் கேட்க வேண்டுமே! அவர் கப்பலில் முதல் வகுப்பில் வந்தவரோ என்று ஒருவர் கேட்டார். இன்னொருவர் கருவேப்பிலைக் கட்டை ரில்லில் போட்டுவிட்டு, நாங்கள் கியூவில் நின்றுதான் உங்கள் ஆளைத் தோற்கடிப்போம் என்றார். ஒரு பெண் கலாவதியை நிமிர்ந்து பாராமல், மிச்சக் காசை எண்ணாமல் வாங்கிக்கொண்டு போனாள். அதுதான் கலாவதிக்குச் சுட்டது. அரிசிப் பையைத் தூக்கிக் கொடுக்கிற ஒவ்வொருவரிடமும், அவர் அப்படி நினைத்துச் சொல்லவில்லை, அப்படி நினைத்துச் சொல்லவில்லை என்று சொல்லிச் சொல்லி அவளுக்குத் தொண்டை காய்ந்துவிட்டது. சேகர் பொறுத்துப் பார்த்துவிட்டு, இது கடையா கச்சேரியா என்று கேட்டார்.

பத்மநாதனிடம் போய்ச் சொன்னாள். நான் சொன்னதில் என்ன பிழை, கியூவில் நிற்பது நல்லதுதானே என்றார். விசரைக் கிளப்புகிற மனிதர்!

அது ஆறிவந்த நேரத்தில் சபாரத்தினம் மாஸ்ரர் காலமானார். ஊரிலும் இங்கேயும் பாதிப் பேருக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர். எங்கள் சனத்தில் ஒருவர் செத்தால், தெரிந்தவர்கள் கண்ணீர் அஞ்சலி என்று ஒரு துண்டுப் பிரசுரம் அடித்துச் செத்தவீட்டில் கொடுப்பார்கள். மேலே இறந்தவரின் படம், நடுவில் நாலு வரி துயரம், கீழே கொடுப்பவரின் பெயர். பத்மநாதனும் ஐந்நூறு அடிக்கச் சொன்னார். யாரிடமும் கேட்கவில்லை, கலாவதியிடமும் கேட்கவில்லை. மாஸ்ரரின் படம் நேரத்துக்குக் கிடைக்கவில்லை. தேர்தலுக்காகக் கொடுத்திருந்த பத்மநாதனின் படம்தான் அச்சகத்தில் இருந்தது. அச்சகக்காரன் அதைப் போடவா என்று ரெலிபோனில் கேட்டிருக்கிறான். இவர் ஓம், போடு என்றிருக்கிறார். கறுப்புக் கட்டத்துக்குள், கழுத்துப்பட்டியோடு, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு எரிய, பத்மநாதன். அதற்குக் கீழே கொட்டை எழுத்தில் அவருடைய பெயர். மாஸ்ரரின் பெயர் நாலாவது வரியில், கண்ணாடி போட்டுத் தேட வேண்டும். அடியில், தேர்தல் நாளான ஆனி பதினாறாம் திகதி ஞாயிறு மூன்று மணிக்கு மண்டபத்தில் சந்திப்போம் என்று வேறு.

பிரசுரம் கைமாறிக் கைமாறி லூயிஷாம் சிவன் கோவில் வரைக்கும் போய்விட்டது. பத்மநாதன் போய்விட்டார் என்று அங்கே ஒருவர் அர்ச்சனைக்கு நின்ற சனத்திடம் சொல்லியிருக்கிறார். சவுத்தாலில் இருந்த அவருடைய ஒன்றுவிட்ட அக்கா, செத்தவீட்டில் அடுப்பு மூட்ட மாட்டார்களே என்று சோறும் மூன்று கறியும் சமைத்து, பஸ் மாறி ரயில் மாறி அழுதழுது டூட்டிங் வந்து சேர்ந்தார். கதவைத் திறந்தவர் பத்மநாதனேதான். அக்கா வாசலிலேயே குந்திவிட்டார். இவர் என்ன செய்தார் தெரியுமா? சட்டியை வாங்கிக்கொண்டுபோய் வைத்துச் சாப்பிட்டுவிட்டு, கடைக்கு ரெலிபோன் எடுத்து, சனம் என்னில் எவ்வளவு அன்பு வைத்திருக்குது பார்த்தியா தங்கச்சி என்றார்.

கடையில் இந்த முறை கோபம்கூட இல்லை. சிரிப்பு. கோபக்காரரிடம் மன்னிப்புக் கேட்கலாம், சிரிக்கிறவரிடம் என்ன கேட்பது? ஒருவர் கற்பூரம் வாங்கும்போது, உங்கள் வேட்பாளருக்கு எட்டாம் நாள் படையல், எட்டுச் செலவு எப்போது என்று விசாரித்தார். மாஸ்ரரின் மருமகள் மட்டும் சிரிக்கவில்லை. மாமாவின் சாவை உங்களுக்கு நோட்டீஸாக்க வேண்டியிருந்ததா அக்கா என்று மெல்லக் கேட்டார். அன்று கலாவதி கடைக்குப் பின்னால் வெங்காய மூட்டைகளுக்கு நடுவே நின்று, வயிறெரிய அழுதாள். இந்த மனிதரை நம்பிப் பதினொரு பெண்களைத் தெருவில் விட்டேனே என்று அழுதாள்.

அந்தப் பதினொரு பேரில் இம்மாகுலேற் இருந்தாள். மூன்று வருடத்துக்கு முன் வந்தவள், கணவன் பேக்கரியில் வேலை. மூத்த மகளுக்கு ஒன்பது வயது. இம்மாகுலேற்றுக்கு வயிற்றில் ஏதோ கட்டி. புரட்டாதியில் ஆஸ்பத்திரியில் பெரிய டொக்டரைப் பார்க்க வேண்டும். மகளைக் கூட்டிக்கொண்டு போக மாட்டேன், அதற்குள் நானே பேசப் பழகிவிடுவேன் என்று கொப்பியில் எழுதி எழுதிப் பாடமாக்கிக்கொண்டிருந்தாள். கலாவதி கண்ணைத் துடைத்துக்கொண்டு பத்மநாதன் வீட்டுக்குப் போனது அவளை நினைத்துத்தான்.

"அண்ணை, தேர்தல் முடியும்வரைக்கும் நீங்கள் வாய் திறக்கக்கூடாது. ஒரு சொல்லும் வேண்டாம், ஒரு நோட்டீஸும் வேண்டாம். சத்தியம் பண்ணுங்கோ."

பத்மநாதன் கழுத்துப்பட்டியைத் தடவினார். பிறகு, "சரி தங்கச்சி, சத்தியம்" என்றார்.

அன்றிலிருந்து கலாவதி வீடு வீடாக ஏறினாள். வேலை முடிந்து கால் வீங்கினாலும் ஏறினாள். வகுப்புப் பெண்கள் தங்கள் தங்கள் கணவன்மாரைப் பிடித்தார்கள். மாஸ்ரரின் மருமகளிடம் போய்க் காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டாள். கியூ என்று சொன்னதற்குக் கோபித்தவர்களிடம், உங்கள் மனைவியின் அரசாங்க பெனிபிட் பணத்துக்கான படிவத்தை நிரப்பியது யார் என்று கேட்டாள்.

ஆனி பதினாறு வந்தது. சங்கத்தின் யாப்பு விதிப்படி வேட்பாளரும் அவரை முன்மொழிந்தவரும் இரண்டு நிமிடம் பேசலாம். பத்மநாதன் எழுந்து, கும்பிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் மறுபடி கதிரையில் இருந்தார். மண்டபம் கைதட்டியது. அவருக்கு அங்கே கிடைத்த முதல் கைதட்டு அதுதான். கலாவதி மேடையேறினாள். டொக்டரின் அறையில் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற பையனைச் சொன்னாள்.

"பத்மநாதன் அண்ணையின்ரை வாய்க்கு நான் உத்தரவாதம் தரேல்லை. எனக்கே அதிலை கோவம். ஆனா எங்கடை பிள்ளையள் தாயின்ரை வருத்தத்தைத் தாங்கள் நிண்டு சொல்லக்கூடாது. அதுக்கு எங்களுக்கு அந்தச் செவ்வாய்க்கிழமை வேணும்."

யாரும் சிரிக்கவில்லை. கருவேப்பிலைக் கட்டைப் போட்டவர்கூடத் தலையாட்டினார்.

வாக்குச் சீட்டுகள் பிஸ்கற் ரின்னில் விழுந்தன. எண்ண முக்கால் மணித்தியாலம் எடுத்தது. இருநூற்று முப்பத்தேழு வாக்கு. பத்மநாதன் நூற்றுப் பதினெட்டு. கணேசலிங்கம் நூற்றுப் பத்தொன்பது. இரண்டாம் தரமும் எண்ணினார்கள், அதேதான்.

தோற்றாலும் கலாவதிக்கு ஒரு பெருமை இருந்தது. செத்துப்போன வேட்பாளரை ஒரு வாக்கு வித்தியாசத்துக்குக் கொண்டுவந்திருக்கிறாளே! வெளியே பஸ் தரிப்பிடத்தில் பத்மநாதன் நின்றார். முகத்தில் துளி வாட்டமில்லை.

"நல்ல போட்டி தங்கச்சி. நானும் மரியாதையாத்தான் நடந்தனான். வேட்பாளர் தனக்குத் தானே போடுறது அழகில்லை. எங்கடை கொழும்பு கிளப்பிலை எதிராளிக்குத்தான் போடுவம். நான் கணேசலிங்கத்துக்குப் போட்டனான்."

கலாவதி அவரைப் பார்த்தாள். அந்த ஒன்றை இந்தப் பக்கம் மாற்றி வைத்து மனதுக்குள் கூட்டிப் பார்த்தாள். நூற்றுப் பத்தொன்பது, நூற்றுப் பதினெட்டு. மறுபடியும் கூட்டினாள்.

"அண்ணை," என்றாள், "வாயைத் திறக்காதேங்கோ எண்டு சொன்னன். கையைப் பற்றிச் சொல்ல மறந்துபோனன்."

அவருக்கு விளங்கவில்லை. அடுத்த முறையும் நீதான் என்னை முன்மொழிய வேண்டும் என்றார். பஸ் வந்தது. அவளை முதலில் ஏறவிட்டுத்தான் அவர் ஏறினார், ஜென்டில்மன். அவள் மேல்தட்டுக்குப் போய்த் தனியே இருந்தாள்.

கணேசலிங்கம் சொன்னதைச் செய்தார். மண்டபம் ஆவணியிலிருந்து வார நாட்களில் ஓர் உடற்பயிற்சி வகுப்புக்குப் போனது. சனிக்கிழமை இரவு ஏழு மணிக்குப் பிறகு வேண்டுமென்றால் எடுங்கள் அக்கா என்று அன்பாகத்தான் சொன்னார். சனிக்கிழமை இரவில் புருஷனையும் பிள்ளைகளையும் விட்டுவிட்டு எந்தப் பெண் வருவாள்? கலாவதி திறப்பைக் கொடுத்துவிட்டு வந்தாள். செவ்வாய் காலையிலும் ரில்லில் நிற்கத் தொடங்கினாள்.

புரட்டாதியில் ஒரு செவ்வாய்க்கிழமை, பத்தரை மணி. ரில்லுக்கு முன்னால் ஆறு பேர். இம்மாகுலேற் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். பக்கத்தில் பள்ளிக்கூடச் சீருடையில் மகள். இம்மாகுலேற் கலாவதியின் முகத்தைப் பார்க்கவில்லை. "பதினொண்டு இருபதுக்கு டொக்டர், அக்கா. என்னாலை ஏலாது. இவள்தான் சொல்லவேணும்."

மகள் ஆஸ்பத்திரிக் கடிதத்தை ரில்லில் விரித்து, ஒரு சொல்லின் மேல் விரலை வைத்தாள்.

"அன்ரி, இது தமிழிலை என்ன? அம்மாவுக்கு இதை எடுக்கப்போயினமாம். நான் அம்மாவுக்குச் சொல்லவேணும்."

கலாவதி சேகரைத் திரும்பிப் பார்த்தாள். சேகர், வரிசையில் நிற்கிற ஆறு பேரைப் பார்த்தார். இம்மாகுலேற் மரக்கறிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கலாவதி குனிந்து, பிள்ளையின் காதில் சொன்னாள்.

"கருப்பை."

பிள்ளைக்கு அது புதுச் சொல். மறந்துபோகாமல் இருக்க அதை இரண்டு தரம் சத்தமாகச் சொல்லிப் பார்த்தது. வரிசையில் நின்றவர்கள் தங்கள் கூடைகளைப் பார்த்தார்கள். பிறகு பிள்ளை தாயின் கையைப் பிடித்துக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று வெளியே கூட்டிக்கொண்டு போனது.